பட்டியலில் இருக்கும் மருந்து கைக்கு வராதபோது: கணைய நொதி குறித்த எங்கள் அனுபவங்கள்

ஒரு தாய்:

என் மகள் எவ்வளவு பால் குடித்தாலும் எடை கூடவில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு போனது, முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரித்தது. பல மாதங்கள் வயிற்றுப்போக்குக்கும் ஊட்டச்சத்துக் குறைவுக்கும் மட்டுமே மருத்துவம் நடந்தது. கடைசியில் வியர்வைச் சோதனையில் குளோரைடு (உப்பின் ஒரு கூறு) லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தாண்டியிருந்ததால், உடலின் சுரப்புகளைக் கெட்டியாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. கெட்டியான சுரப்பு கணையக் குழாயை அடைத்துவிடுவதால், கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் முதலிய நொதிகளை ஒவ்வொரு வேளை உணவோடும் நாம்தான் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கணைய நொதி இடம்பெற்றிருக்கிறது. நாங்கள் போன மருந்தகங்களிலோ அந்தப் பெயரே பலருக்குப் புதிதாக இருந்தது. நெடுநாள் அலைந்து கிடைத்தது லைப்பேஸ் 25,000 யூனிட் கொண்ட கேப்சூல். ஆறு கிலோ குழந்தைக்கு வேளைக்கு ஏறத்தாழ 6,000 யூனிட் போதும் என்பதால், மருத்துவர் சொன்னபடி கேப்சூலைத் திறந்து, வெள்ளைத் தாளில் குருணைகளைக் கொட்டி, நான்கு பங்காகப் பிரித்தேன். கண்ணளவில் பிரித்த பங்குகள் ஒருநாளும் சமமாக இருந்ததில்லை. வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் மேற்பூச்சு சிதையும் என்பதால் குருணையைப் பொடிக்கவும் கூடாது, பாலில் கலக்கவும் கூடாது. புளிப்புள்ள பழக்கூழில் தூவி உடனே ஊட்டிவிட்டு, வாயில் ஒட்டியிருந்தால் புண்ணாகும் என்பதால் ஈறு இடுக்குவரை பார்ப்பேன்.

உறவினர் அனுப்பிய இரண்டாம் புட்டி, காலாவதியாகாமலே, பலன் தரவில்லை. எண்ணெய் மலம் திரும்பியது. பொதி வாரக்கணக்கில் வெயிலில் கிடந்ததைப் பின்னர்தான் அறிந்தோம். பெரும்பாலும் 25 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து அது.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:

சகோதரி, நீங்கள் பட்ட பாட்டை எங்கள் பிரிவில் பல தாய்மாரிடம் கண்டிருக்கிறேன். மருந்து தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி ஒரு நாளில் ஒரு வேளைக்கு மட்டும் கொடுப்பவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. பலன் தெரியாத பதற்றத்தில் தாங்களாகவே அளவைக் கூட்டுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. அளவு மிக அதிகமானால் பெருங்குடல் சுருங்கும் அபாயம் உண்டென்று 1994இல் தெரியவந்தது. அதனால் நாளொன்றுக்கு எடையின் கிலோவுக்கு லைப்பேஸ் 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்; பின்னால் தெரிந்து, மனம் நொந்து மருந்தை நிறுத்திய ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மருந்து கேட்டு விண்ணப்பிக்கும்போது பெயரோடு நில்லாமல், குழந்தைக்கேற்ற சிறிய லைப்பேஸ் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் எங்களுக்குச் சிறிய கேப்சூல்கள் வரத் தொடங்கின.