ரூப்குண்டில் நான் கையில் எடுத்த எலும்பு

கரூரான்:

உத்தராகண்டின் இமயமலையிலுள்ள ரூப்குண்டு ஏரியைப் பற்றியும், அங்கே கிடக்கும் மனித எலும்புகளைப் பற்றியும் இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில், ஏரிக்குக் கீழுள்ள கடைசி முகாமான பகுவாபாசாவிலிருந்து இருட்டோடு கிளம்பிய குழுவில் கடைசி ஆளாக ஏரியை அடைந்து, மூச்சு வாங்கக் கரையில் உட்கார்ந்தேன். காலருகே கிடந்த ஒன்றைக் காய்ந்த குச்சி என்றெண்ணி எடுத்தேன். 5,000 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத இடத்தில் குச்சி எப்படி வரும் என்ற எண்ணம், அது கைக்கு வந்த பிறகுதான் எழுந்தது. என் கையால் ஒரு சாண் நீளம்; உடைந்த முனையின் உட்புறம் ரஸ்க்கைப் போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது; எடையே இல்லை. கம்பளிக் கையுறையின் நூல் அந்த முனையில் மாட்டிக்கொண்டதால் உடனே கீழே வைக்கவும் முடியவில்லை. நூலை அறுத்துவிட்டுப் பார்த்தால், எடுத்த இடம் எதுவென்று மறந்துபோயிருந்தது. ஒரு தட்டைக்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதை இடம் மாற்றியது இன்றும் உறுத்துகிறது.

மேட்டுநடையார்:

நான் ஏரிவரை போகவில்லை. வழியிலுள்ள பாதர் நச்சௌனி முகாமைத் தாண்டிக் காலு விநாயகர் கோயிலுக்கு ஏறும்போது ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. சுமைகாரர் ஒருவர் சோற்றுப் பானையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு அதுவும் இல்லை. நாவற்பழ அளவுதான், ஆனாலும் இரண்டு நாட்களுக்குத் தோளை அசைக்க முடியவில்லை. கன்னோசி மன்னன் ஆட்டக்காரிகளோடு வந்து அந்த மலையின் தெய்வமான நந்தா தேவியின் கோபத்துக்கு ஆளானான், வானத்திலிருந்து இரும்புபோல் ஆலங்கட்டி விழுந்தது என்று அவ்வூரார் பாடுவதை அதன்பின் நான் கதையாக எண்ணவில்லை. அத்தனை பேரும் ஒரே நாளில், அப்படித்தான் இறந்திருக்கிறார்கள்.

பனிக்காலன்:

ஐயா, சில மண்டையோடுகளில் ஆறாத முறிவுகள் இருந்தது உண்மை. அதை ஆலங்கட்டியால் விளக்கலாம். ஆனால் ‘அத்தனை பேரும் ஒரே நாளில்’ என்பது 2019 இலேயே உடைந்துவிட்டது. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் பிற நாட்டு ஆய்வகங்களும் சேர்ந்து 38 பேரின் மரபணுவைப் படித்தன. 23 பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர். காலம் ஏறத்தாழ கி.பி. 800, அவர்களும் ஒரே நிகழ்வில் இறந்ததாகத் தெரியவில்லை. 14 பேரின் மரபு இன்றைய கிரேக்கம், கிரீட் தீவு மக்களை ஒத்திருந்தது. அவர்கள் இறந்தது ஏறத்தாழ 1800 இல். ஒருவர் தென்கிழக்காசிய மரபினர். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இறந்தவர்களை ஒரே மழையில் நனைக்க முடியாது. மத்தியதரைக் கடல் பகுதி மனிதர்கள் அங்கே எதற்காக ஏறினார்கள் என்பதற்கு இன்னும் விடையில்லை.

கரூரானுக்கு ஒரு செய்தி: நீங்கள் கலைத்ததாக வருந்தும் அந்த ஒழுங்கு அங்கே முன்பே இல்லை. 1942 இல் வனச்சரகர் ஒருவர் தகவல் சொன்ன நாளிலிருந்து மனிதர்களும், அதற்கு முன்பிருந்தே பாறைச்சரிவுகளும் அந்த எலும்புகளைப் புரட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் ஜூன் மாதத்தில் போனேன். சுமார் 40 மீட்டர் அகல ஏரி முழுவதும் பனி மூடிக் கிடந்தது. ஒரு எலும்பும் பார்க்கவில்லை.

ஊட்டிக்குளிர்:

பகுவாபாசாவில் நள்ளிரவில் வாந்தி எடுத்து, வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் நான். ஆகவே இங்கு எல்லோருக்கும் சொல்கிறேன்: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்திய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு உறங்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அது அசதி அன்று, மலைநோய். குறையும்வரை ஒரு அடிகூட ஏறக் கூடாது. நடை தள்ளாடினால் இரவென்றும் பாராமல் இறங்கிவிட வேண்டும். மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நண்பரிடம் வாங்கி விழுங்காதீர்கள். மேலும், ஏரிக்குப் போகும் வழியிலுள்ள பெத்னி, ஆலி போன்ற புல்வெளிகளில் இரவு தங்க உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 இல் தடை விதித்தது. முன்பணம் கேட்பவரிடம் எங்கே தங்கவைப்பார் என்பதை முதலில் கேளுங்கள்.

கரூரான்:

ஊட்டி நண்பருக்கு நன்றி. எனக்குத் தலைவலி வரவில்லை. நான் எழுதியதும் அதைப் பற்றி அன்று.

பனிக்காலன் சொன்னதைப் படித்தபின் உறுத்தல் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதுவரை அந்த எலும்பு மன்னனின் ஆட்களில் ஒருவருடையது என்று எண்ணியிருந்தேன். இப்போது அது கிரீட்டிலிருந்து வந்த ஒருவருடையதாகவும் இருக்கலாம். முதல் பதிவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எலும்பைக் கல்லின் மேல் வைத்ததை வழிகாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டவில்லை. இறங்கும்போது, காலு விநாயகருக்கு முன் நின்று, “கையைக் கழுவினீர்களா?” என்று மட்டும் கேட்டார். கழுவியிருந்தேன், அந்த ஏரித் தண்ணீரிலேயே.