மெல்லிய பித்தளைத் தகடு சிஎன்சியில் தூக்குகிறது, எப்படிப் பிடிப்பது?

வணக்கம். கும்பகோணத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பூஜை அறைக் கதவில் பதிக்கும் அன்னம், பூங்கொடி வடிவங்களை 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் சிஎன்சி ரூட்டரால் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வெட்டுகிறோம். ஓரங்களை எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையில் திருகினாலும் நடுப்பகுதி எழும்புகிறது. சுருள் கத்தி சீவலை மேலே இழுக்கும்போது தகட்டையும் சேர்த்தே இழுக்கிறது. இருபக்க டேப் நன்றாகப் பிடித்தது, ஆனால் சூட்டில் பசை இளகிக் கத்தியில் ஒட்டுகிறது. பிரித்தெடுக்கும்போது இதழ்கள் வளைந்துவிடுகின்றன, அதுதான் பெரிய வேதனை. காற்றை உறிஞ்சித் தகட்டைப் பிடிக்கும் வேக்கம் மேசை சின்னத் துண்டுகளுக்குச் சரிவராது, பரப்பு குறைந்தால் பிடியும் குறையும்.

அடுத்து, பலகையிலும் தகட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் சூப்பர் குளூ விடலாமா என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், சீவலைக் கீழே தள்ளும் கத்தி இந்தக் கனத்துக்கு ஒத்துவருமா? தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கம் யாராவது இந்த வேலை செய்தால் சொல்லுங்கள், நேரிலேயே வந்து பார்க்கிறேன்.