எம்எம்ஏ சண்டை முடிவை எலோ ரேட்டிங் வைத்துக் கணிப்பது: என் மாடல் எங்கே தவறுகிறது?

ஐந்தாம்ரவுண்டு கேட்டது:

நண்பர்களே, ஆறு மாதமாக இந்த ஒரே வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். யுஎஃப்சி (எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளை நடத்தும் அமைப்பு) சண்டைகளின் பழைய முடிவுகளை எல்லாம் திரட்டி ஒவ்வொரு வீரருக்கும் எலோ ரேட்டிங் (ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும் பலப் புள்ளி) போட்டேன். எல்லாரும் 1500இல் தொடக்கம், ஒரு சண்டையில் புள்ளி அதிகபட்சம் எவ்வளவு மாறலாம் என்று சொல்லும் கே மதிப்பு 32. அதோடு நிமிடத்துக்கு எத்தனை அடி போடுகிறார், எத்தனை வாங்குகிறார், டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது) தடுப்பு எத்தனை சதவீதம், வயது, உயரம், கை நீளம் எல்லாவற்றையும் சேர்த்து ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் கொடுத்தேன். பழைய சண்டைகளில் சோதித்தால் 100க்கு 78 சரியாக வந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வரப்போகும் சண்டைகளுக்கு முன்கூட்டியே கணிப்பை எழுதிவைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆகிறது, பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் சரி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்திருக்கும்.

மாடலில் எங்கே ஓட்டை? ஒருவேளை இந்த விளையாட்டே இப்படித்தானா? 2022 ஆகஸ்டில் சாம்பியன் உஸ்மான், லியோன் எட்வர்ட்ஸ் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் உஸ்மான்தான் முன்னே. ஐந்தாம் ரவுண்டு முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, எட்வர்ட்ஸ் இடது காலால் தலையில் ஒரே உதை, பட்டம் கைமாறிவிட்டது. அந்த உதையை எந்தப் புள்ளிவிவரம் முன்னாலேயே சொல்லியிருக்கும்?

எண்கணக்கன்:

கடைசிக் கேள்வி அப்புறம். முதலில் அந்த 78ஐப் பார்ப்போம், எனக்கு அதில்தான் சந்தேகம். இந்த விளையாட்டில் சும்மா அவ்வளவு வராது.

2015 நவம்பரில் சாம்பியன் ரோண்டா ரௌசி ஹோலி ஹோமிடம் தோற்ற சண்டைக்கு ரௌசியின் எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? வீரரின் இணையப் பக்கத்தில் இன்று இருக்கும் சராசரியை அப்படியே எடுத்திருந்தால் கதை முடிந்தது. அந்தச் சராசரிக்குள் மெல்போர்னில் ஹோலி ஹோம் அன்று இரவு அவருக்குக் கொடுத்த அடிகள் இருக்கின்றன, அடுத்த ஆண்டு அமாண்டா நூனெஸிடம் 48 வினாடியில் வாங்கியதும் இருக்கிறது. சண்டைக்கு முந்தின நாள் காலையில் ரௌசி 12 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காதவர். உங்கள் மாடலுக்குத் தெரிந்த ரௌசியோ ஏற்கெனவே இரண்டு முறை விழுந்து எழுந்தவர். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்த மாதிரிதான் இது.

அதனால் ஒவ்வொரு சண்டைக்கும் அதற்கு முந்தின நாள் வரை நடந்ததை மட்டும் கூட்டிச் சராசரி போடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. சோதிக்கும்போதும் சண்டைகளைக் கலைத்துப் போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு தேதியில் கோடு கிழித்து, அதற்கு முன்னால் நடந்ததில் பழக்கி, பின்னால் நடந்ததில் சோதியுங்கள்.

இன்னொன்று, இதில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். பொதுவாகச் சாம்பியனுக்கும் மேல் தரவரிசைக்காரருக்கும்தான் சிவப்பு மூலை கொடுப்பார்கள். அதனால் முதல் பெயர் எப்போதும் சிவப்பு என்று வைத்தால், வீரரைப் பார்க்காமல் மூலையைப் பார்த்தே மாடல் பாதி பதிலைச் சொல்லிவிடும். சில முடிவுப் பட்டியல்களில் ஜெயித்தவர் பெயரே முதலில் வரும், அது இதைவிட மோசம். யார் முதல், யார் இரண்டாவது என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். 78 எங்கே வந்து நிற்கிறது என்று சொல்லுங்கள்.

கூண்டுப்புலி:

எண்கணக்கன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, ஆனால் இருபது வருடமாகச் சண்டை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எலோ எல்லாரையும் ஒரே ஏணியில் நிறுத்துகிறது. மேல்படியில் இருப்பவர் கீழ்ப்படிக்காரரைவிடப் பலசாலி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கூண்டுக்குள் அப்படி இல்லை. ரௌசி மீஷா டேட்டை இரண்டு முறை கைமூட்டுப் பூட்டுப் போட்டு வென்றார். ஹோம் ரௌசியை வென்றார். அடுத்த சண்டையிலேயே, 2016 மார்ச்சில், அதே ஹோமை மீஷா டேட் ஐந்தாம் ரவுண்டில் கழுத்தை நெரித்து மயங்க வைத்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் வட்டமாக வென்றிருக்கிறார்கள், இதை எந்த ஏணியில் நிறுத்துவீர்கள்? ரௌசிக்கு எதிராளியைக் கையால் பிடித்தாக வேண்டும். ஹோம் குத்துச்சண்டையிலிருந்து வந்தவர், தூரத்தை அளந்து விலகிக்கொண்டே அடிப்பார், பிடி கிடைக்காது. டேட் அவசரப்படாமல் காத்திருந்து, கடைசி ரவுண்டில் கிடைத்த ஒரு டேக்டவுனில் முதுகைப் பிடித்துவிட்டார்.

அதனால் இரண்டு பேரின் சராசரிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து மட்டும் போடாதீர்கள். இவர் எத்தனை முறை டேக்டவுனுக்குப் போகிறார், அவர் எத்தனை தடுக்கிறார், இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாகக் கொடுத்துப் பாருங்கள். மல்யுத்தக்காரரின் டேக்டவுன் பலம் எதிராளி தடுக்கத் தெரியாதவராக இருக்கும்போதுதான் சண்டையைத் தீர்மானிக்கும்.

நிமிடக் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். மெக்ரெகர் ஆல்டோவை 13 வினாடியில் முடித்தார். அந்த 13 வினாடியில் ஒரே ஒரு குத்து விழுந்திருந்தால்கூட நிமிடத்துக்கு 4.6 என்று கணக்கு காட்டும். ஹாலோவே 2021 ஜனவரியில் கேட்டரை 25 நிமிடம் அடித்த 445 அடி நிமிடத்துக்கு 17.8. முதல் எண்ணுக்குப் பின்னால் 13 வினாடிதான் இருக்கிறது, இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து முழு ரவுண்டு. மாடலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

தரவுத்தேனீ:

நல்ல கேள்வி, நல்ல பதில்கள். ரேட்டிங் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எலோவை அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக உருவாக்கினார். சதுரங்கத்தில் ஒருவர் வருடத்துக்கு எத்தனையோ ஆட்டம் ஆடுவார், ரேட்டிங் சீக்கிரம் தன் இடத்தில் வந்து உட்காரும். இங்கே வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டை என்றாலே பெரிது. 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் ஜெயிக்க 76 சதவீத வாய்ப்பு. கே 32 வைத்து, கீழே இருப்பவர் ஜெயித்துவிட்டால் அவருக்குக் கிடைப்பது சுமார் 24 புள்ளி. உண்மையில் அவர் 200 புள்ளி மேலே இருக்க வேண்டியவர் என்று வையுங்கள், எண் அங்கே ஏறி முடிப்பதற்குள் அவருக்கு வயதாகிவிடும். கே மதிப்பைக் கூட்டிப் பாருங்கள், குறிப்பாக முதல் சில சண்டைகளுக்கு. இன்னும் நல்லது மார்க் கிளிக்மன் உருவாக்கிய க்ளிக்கோ. அதில் ரேட்டிங்கோடு அந்த ரேட்டிங் எவ்வளவு நம்பகம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. ஒருவர் ஒன்றரை வருடம் கூண்டுப் பக்கமே வராவிட்டால் ரேட்டிங் அப்படியே இருக்கும், நம்பகம் மட்டும் குறையும். காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

முடிவுகளையும் கண்ணால் ஒரு முறை பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். 2009இல் ஜான் ஜோன்ஸ் மேட் ஹேமிலைத் துவைத்து எடுத்துவிட்டு, மேலிருந்து செங்குத்தாக இறக்கிய முழங்கை விதிமீறல் என்பதால் தகுதிநீக்கத்தில் தோற்றார். அந்த விதியே 2024 நவம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. இதைச் சாதாரணத் தோல்வியாக எலோவில் ஏற்றினால் ஜோன்ஸின் எண் காரணமே இல்லாமல் இறங்கும். நான் தகுதிநீக்கங்களையும் முடிவில்லை என்று அறிவித்த சண்டைகளையும் ரேட்டிங்கில் சேர்ப்பதே இல்லை. மூன்று நடுவர்களில் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்த சண்டைக்கு முழு வெற்றி கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறேன்.

இப்போது அந்த உதை. அதைப் பிடிக்கவில்லை என்று மாடலைக் குறை சொல்லாதீர்கள். உஸ்மானுக்கு 75 சதவீதம் சொல்லியிருந்தால், நான்கில் ஒரு முறை எட்வர்ட்ஸ் ஜெயிப்பார் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை சரி என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு பிரையர் ஸ்கோர் போடுங்கள், அதாவது சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லையென்றால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம், குறைந்தால் நல்லது. 75 சொல்லி சரியானால் 0.0625, தவறினால் 0.5625. எல்லாச் சண்டைக்கும் 50 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் 0.25, அதைவிடச் சராசரி குறைந்தால்தான் மாடலுக்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம். 95 சொல்லித் தவறினால் 0.9025, ஒரே சண்டை மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். அந்தப் பயம் மாடலுக்கு இருக்க வேண்டும்.

அப்புறம் 70 என்று சொன்ன சண்டைகளை மட்டும் தனியாக எடுத்து, அதில் உண்மையிலேயே பத்துக்கு ஏழு வந்ததா என்று பாருங்கள். மூன்று மாதச் சண்டைகள் இதற்குப் போதாது, ஒரு வருடமாவது வேண்டும்.

பழையமல்லன்:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பந்தயக்காரர்களின் விகிதத்தை மாடலுக்குள் போடாதீர்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒருவருக்கு 1.50 (ஒரு ரூபாய் போட்டு அவர் ஜெயித்தால் கையில் வருவது) என்றால் ஒன்றை 1.50ஆல் வகுத்து 66.7 சதவீதம், எதிராளிக்கு 2.75 என்றால் 36.4. கூட்டினால் 103 வரும், அந்தக் கூடுதல் அவர்கள் லாபம். இரண்டையும் 103ஆல் வகுத்தால் 64.7க்கு 35.3. அந்த எண்ணுக்குள் எடைகுறைப்பில் ஒருவர் வாடிப்போய் மேடை ஏறியது, பயிற்சியாளர் மாறியது, கடைசி வாரத்தில் எதிராளி மாறியது என உங்கள் அட்டவணையில் இல்லாததெல்லாம் இருக்கும். அதைத் தொடர்ந்து தாண்டுவது மிகவும் கஷ்டம். தாண்டாத வரை பணம் போடாதீர்கள், தம்பி. இதை அக்கறையோடு சொல்கிறேன்.

ஐந்தாம்ரவுண்டு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முழுக்க உட்கார்ந்து தேதிவாரியாகச் சராசரியை மறுபடி போட்டேன், மூலைகளையும் குலுக்கிப் போட்டேன். 78 என்பது 61 ஆகிவிட்டது. வருத்தம் இல்லை, இது என் நேரடிக் கணிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் இந்த எண்ணை நம்ப முடிகிறது. பிரையர் 0.235.

பழையமல்லன் ஐயா, பணம் போடும் எண்ணம் எனக்கு இல்லை, ஒரு சண்டையை முன்கூட்டியே புரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் ஆசை. கூண்டுப்புலி சொன்ன டேக்டவுன் பெருக்கலை இன்று சேர்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: முதல் முறை யுஎஃப்சிக்கு வருகிறவருக்கும் 1500 கொடுப்பதா? மைக்கேல் சாண்ட்லர் 2021இல் அறிமுகச் சண்டையிலேயே டான் ஹுக்கரை முதல் ரவுண்டில் வீழ்த்தினார். அவர் பெல்லடார் என்ற இன்னொரு எம்எம்ஏ அமைப்பில் பட்டம் வென்றவர், புதுமுகமே இல்லை.

தரவுத்தேனீ:

வேண்டாம். பெல்லடார் முடிவுகளையும் அதே பட்டியலில் சேர்த்து ஓட்டுங்கள். அங்கிருந்து இங்கு வந்தவர்களும் இங்கிருந்து அங்கு போனவர்களும்தான் இரண்டுக்கும் நடுவில் பாலம். வேறு சிறிய அமைப்புகளிலிருந்து வருகிறவர்களுக்கு, அதே இடத்திலிருந்து முன்பு வந்தவர்கள் முதல் மூன்று சண்டைக்குப் பின் சராசரியாக எங்கே நின்றார்கள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். அந்தச் சராசரியையும் தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.