பழைய மினி டிராக்டர்: முன் அச்சிலிருந்து வந்த தண்ணி (அனுபவப் பகிர்வு)

சோழவந்தான் பக்கம்:
18 எச்.பி., 4 வீல் டிரைவ், நெல் வயல்ல சேறடிச்ச வண்டி. பெயின்ட் புதுசு, தொட்டதும் ஸ்டார்ட், புகை இல்ல. விலை பேச வர்றவங்க அதோட திருப்தியாயிடுறாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியக் காலையில அசைக்காம, முன் அச்சுல ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டை ரெண்டு மரை தளர்த்தினதும் வந்தது ஆயில் இல்ல. முதல்ல தெளிஞ்ச தண்ணி, ஒரு டம்ளர் இருக்கும். அப்புறம் பால் கலந்த மாதிரி வெளுத்த குழம்பு. விரல்ல தேய்ச்சா நறநறன்னு இரும்புத் தூள். ஓடி வந்த சூட்டுல போல்ட்டைக் கழட்டியிருந்தா தண்ணி தனியாத் தெரிஞ்சிருக்காது. ஆற விட்டாத்தான் அடியில இறங்கும்.

வாடிப்பட்டி தோப்பு:
அண்ணே, இதுக்கு ஆயில் மட்டும் மாத்தினா அடுத்த சேத்துலயே திரும்ப வெளுத்துடும். ஹப் சீல் (சக்கர நடுவுல ஆயிலை வெளிய விடாம, சேத்தை உள்ள விடாமத் தடுக்கிற வளையம்) போயிருக்கும். வயல்ல வைக்கோல், தோப்புல தேங்காய் நார், ரெண்டும் அச்சுல சுத்தி சீலோட உதட்டை அறுக்கும். சக்கரத்தைக் கழட்டினா வளையம் வளையமா இறுகிக் கெடக்கும், கத்தி வச்சுத்தான் அறுத்தெடுக்கணும்.

புது சீல் போடுறப்ப அதுல ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயில் பக்கமாத் திரும்பி இருக்கணும். பழைய உதடு உரசின இடத்துல தண்டுல நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா, அதே இடத்துல புது சீல் நிக்காது. இடம் இருந்தா 2 மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, இல்லைன்னா பள்ளத்தை மூடத் தண்டு மேல ஸ்லீவ்ங்கிற மெல்லிய உறையை ஏத்துங்க. அச்சுக்குள்ள காத்து போய் வர்ற பிரீதர் ஓட்டையைச் சேறு அடைச்சிருந்தாலும் சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும். அதை யாரும் பார்க்குறதில்ல.

திருமங்கலம் கரிசக்காடு:
சீல் சரி தம்பி, அந்த இரும்புத் தூளுக்குப் பதில் சொல்லலையே? தண்ணி பேரிங்கைத் தின்னும், ஆனா கியர் பல்லைத் தின்னுறது தார் ரோடு. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு துளி வேகமாச் சுத்துற மாதிரித்தான் கியர் விகிதமே இருக்கு. மண்ணுல அது சறுக்கிச் சரியாகும். ரோட்டுல சறுக்க இடமில்ல, முறுக்கு முழுக்க கியர்ல ஏறும். டிரெய்லரோட ரோட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்துக்கு விசை கொடுக்கிற லிவரை விடுவிச்சுடணும். முந்தி வச்சிருந்தவர் சைஸ் மாறின டயர் போட்டிருந்தா மண்ணுலயே அந்த முறுக்கு இருக்கும். டயர்ல அச்சடிச்ச எண்ணைக் கையேட்டோட ஒத்துப் பாருங்க. முன் பக்கத்தை ஜாக்கில ஏத்தி டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் கிங்பின்லயா (சக்கரம் இடம் வலமாத் திரும்புற முளை) பேரிங்லயான்னு தெரிஞ்ச பிறகு சீல் வாங்குங்க.

மேலூர்:
யாரும் கேக்கல, ஆனாலும் பழைய வண்டி எடுக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர் ஓட்டுறப்ப சூடேறினா உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போச்சுன்னு இன்ஜினைப் பிரிக்காதீங்க. ரேடியேட்டர் தகட்டுல பதரும் தூசியும் அப்பிக் கெடக்கும். ஃபேன் பக்கமிருந்து முன்னாடி நோக்கிக் காத்து அடிங்க. முன்னாலிருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ள போய் அடையும். பிரஷர் தண்ணி தகட்டை மடக்கிடும். பெல்ட்டைக் கட்டைவிரலால நடுவுல அழுத்தினா 10 மில்லிமீட்டர் போல இறங்கணும். அதுக்கும் சூடு குறையலைன்னா, ஆறின இன்ஜின்ல ரேடியேட்டர் மூடியக் கழட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. நிக்காம குமிழி வந்துக்கிட்டே இருந்தாத்தான் கேஸ்கெட்.

டீசல் தீர்ந்து நின்னா செல்ஃபை அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, பேட்டரிதான் சாகும். ஃபில்டர் மேல இருக்கிற, காத்தை வெளியேத்துற பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரையில்லாம டீசல் வர்ற வரைக்கும் கை பம்பை அழுத்துங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசிலோட பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளர்த்தி, செல்ஃப் அடிச்சு இன்ஜினைச் சுத்த விடுங்க. பைப் பக்கத்துல மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க, அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

சோழவந்தான் பக்கம்:
திருமங்கலத்தார் சொன்னதுதான் சரி, அந்தத் தூள் பல்லோடது. சுழற்சியைச் சக்கரத்துப் பக்கம் திருப்புற பெவல் கியர்ல ரெண்டு பல் நுனி உதிர்ந்திருந்துச்சு. கியர் ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. ஜோடியா மாத்தினாத்தான் சத்தமில்லாம ஓடும்.