92 கெல்வினில் எஸ் அளவுரு ஏறுகிறது, இது மீக்கடத்து மாற்றம்தானா? (அவசரம்)

மெல்லியபடலம்: ஒய்பிசிஓ (யிட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு மீக்கடத்தி) படலத்தை மெதுவேக பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின்னூட்ட எதிர்த்துகள்) கற்றையில் வைத்துக் குளிர்வித்தேன். 90 கெல்வின் பக்கம் எஸ் (பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா உச்சியின் நடுப்பகுதியில் விழும் பங்கு; உச்சி குறுகினால் ஏறும்) 0.502-இலிருந்து 0.511-க்கு ஏறிவிட்டது. மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையைப் பாசிட்ரான் பார்க்கிறது என்று எழுதலாமா? நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

காமா511: கற்றையின் ஆற்றல் என்ன? படலத் தடிமன்? அடித்தளம்? வெற்றிடம் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

சங்கிலித்தளம்: ஆக்ஸிஜன் காலியிடங்கள்தான் (படிகத்தில் ஆக்ஸிஜன் அணு இல்லாத இடங்கள்). குளிரும்போது அவை ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், எஸ் மாறும்.

பழையகற்றை: தம்பி, 511 உச்சியின் அகலத்தை அளக்கும்முன் டிடெக்டரின் கெயின் (குறிகைப் பெருக்கம்) நகர்கிறதா என்று பார்ப்பது முதல் வாரப் பாடம். அதைச் செய்துவிட்டு வாருங்கள். சங்கிலித்தளம், ஆக்ஸிஜன் காலியிடத்துக்கு நேர்மின்னூட்டம். பாசிட்ரான் அதில் எப்படிச் சிக்கும்?

சங்கிலித்தளம்: சிக்கும் என்று நான் சொல்லவில்லை சார். ஒய்பிசிஓவில் பாசிட்ரான் பெரும்பாலும் செம்பு-ஆக்ஸிஜன் சங்கிலிப் பக்கம்தான் இருக்கும். அங்கே ஆக்ஸிஜன் குறைந்தால் அது சுற்றிப் பார்க்கும் எலக்ட்ரான்களே மாறிவிடும். ஜெர்மனியில் கார்ச்சிங்கின் நெப்போமுக் பாசிட்ரான் கற்றையில், எஸ்ஸும் ஆக்ஸிஜன் குறைவும் சேர்ந்தே நகர்வதைப் படலங்களில் காட்டியிருக்கிறார்கள்.

பழையகற்றை: அது ஆக்ஸிஜன் அளவு வேறுபடுவதை வைத்து ஒப்பிட்டது. 90 கெல்வினில் எந்த ஆக்ஸிஜன் நகரும்?

குளிர்முனை: கற்றையை வழிநடத்தும் காந்தப்புலத்தை விட்டுவிட்டீர்களே! படலம் மீக்கடத்தியானதும் புலம் வளையும், கற்றை விழும் இடம் தள்ளிப்போகும்.

காமா511: கொஞ்சம் விலகலாம்தான். ஆனால் படலம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் எஸ் ஏன் ஏற வேண்டும்? கேள்வி கேட்டவர் எங்கே?

மெல்லியபடலம்: மன்னிக்கவும், ஆய்வகத்தில் இருந்தேன். 200 நானோமீட்டர், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல். 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட். வெற்றிடம் 10-இன் அடுக்கு மைனஸ் 7 மில்லிபார். கெயின் சரியாகத்தான் இருக்கிறது. சூடேற்றும்போது 92-இல் எஸ் இறங்கவில்லை, 160 பக்கம்தான் இறங்கியது. தயக்க விளைவு (குளிரும்போதும் சூடேறும்போதும் மாற்றம் வெவ்வேறு வெப்பநிலையில் வருவது) என்று நினைத்து எழுதவில்லை.

காமா511: அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! 160 பக்கம் கிளம்பிப் போவது உறைந்த நீர். அந்த வெற்றிடத்தில் ஒரு மூலக்கூறு அடுக்கு படிய ஒன்றிரண்டு நிமிடம் போதும். 2 கிலோவில் உங்கள் பாசிட்ரான் சராசரியாக 19 நானோமீட்டர்தான் இறங்குகிறது, நிறைய மேற்பரப்புக்கே திரும்பி வந்துவிடும். பனியில் பாசிட்ரோனியம் (பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்த இணை) உருவாகும், அதில் பாரா வகை (இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருப்பது) அழியும்போது 511 கோடு குறுகும், எஸ் ஏறும். 120 கெல்வினில் நிறுத்தி 2, 5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்களில் மணிக்கணக்கில் மாறி மாறி எடுங்கள். அங்கே மீக்கடத்தலே கிடையாது, 2-இல் மட்டும் ஏறினால் பனிதான். 5 கிலோ என்றால் ஏறத்தாழ 80 நானோமீட்டர், படலத்தின் நடுப்பகுதி. 15-க்கு மட்டும் போகாதீர்கள், பெரும்பகுதி அடித்தளத்துக்குப் போய்விடும்.

குளிர்முனை: 1980-களின் இறுதியில் பாசிட்ரான் ஆயுட்கால அளவீடுகளில் மாறுநிலை அருகே மாற்றம் பார்த்தார்களே?

பழையகற்றை: பார்த்தார்கள். பருமனான மாதிரி, உள்ளே ஆழமாகப் போகும் பாசிட்ரான். அதை வைத்து 19 நானோமீட்டர் மட்டுமே இறங்கும் பாசிட்ரான் காட்டுவதை நியாயப்படுத்த முடியாது. காமா511 சொன்னதைச் செய்யுங்கள்.

மெல்லியபடலம்: 120-இல் நான்கு மணி நேரம் வைத்தேன். 2-இல் ஏறிக்கொண்டே போனது, 5-இல் அசையவில்லை. பனிதான். மாதிரியைச் சுற்றிக் குளிர்கவசம் (நீராவியைத் தன்மேல் படியவைக்கும் குளிர்ந்த உறை) போட்டு மறுபடி எடுக்கிறேன். நன்றி அண்ணா.

சங்கிலித்தளம்: கவசம் போட்ட பிறகு 5 கிலோவில் 92-ஐக் கடந்து எடுத்த வளைவைப் போடுங்கள். நான் உண்மையிலேயே பார்க்க விரும்புவது அதைத்தான்.