சந்தானம் டிவியிலயே இருந்திருக்கோணும்ங்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?

சோமனூர் தறிக்காரன்:
சந்தானம் ஹீரோ ஆனதுதான் அவரோட பெரிய வளர்ச்சின்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாருங்க, எனக்கு மனசே ஆறல. விஜய் டிவில இவரு நடிச்சு, சினிமாப் படங்களக் கலாய்ச்ச லொள்ளு சபா ஓடுன காலத்துல எங்க தறிக்குடோன்ல வசனம் பாதி காதுல விழாது, தறில நூல் தார் மாத்திக்கிட்டே எட்டிப் பாத்து சிரிப்போம், அந்த விக்கு, அந்த நடை, ஹீரோ மாதிரியே திரும்பி மொறைக்கறது, எந்தப் படத்த ஓட்டறாங்கன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுரும். பெரிய ஸ்டாரு பேசுன பஞ்ச அப்படியே பேசி, பக்கத்துல நிக்கறவன் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டதும் அது பொசுக்குன்னு போயிரும் பாருங்க, அந்த தைரியம் அதுக்கப்பறம் டிவில நான் பாக்கல. 2004ல சிம்பு கூட நடிச்ச மன்மதன் படம் வந்துச்சு, அதோட ஹீரோவக் கலாய்ச்சவரு ஹீரோவுக்கு ஃப்ரெண்டு ஆயிட்டாரு. இப்ப அவரே ஹீரோ.

உடுமலைக்காரன்:
ஏனுங்க, டிவிலயே கெடந்தா வயித்துக்கு? எங்க பக்கத்து வல்லகுண்டாபுரத்துக்காரர் கவுண்டமணி நாடகத்தோட நின்னிருந்தா கரகாட்டக்காரன் வாழைப்பழம் நமக்கு கெடச்சிருக்குமா? பாஸ் என்கிற பாஸ்கரன்ல அந்த சலூன்காரன் நல்லதம்பிய வெறும் ஃப்ரெண்டுன்னு சொல்ல முடியுமா, பாதிப் படம் அவன் தோள்லதான நிக்குது. இன்னிக்கும் காலேஜ் பசங்க நண்பேன்டாங்கறாங்க. ஒரு மனுசன் வளந்தா தப்பா?

சோமனூர் தறிக்காரன்:
கவுண்டமணி மேடைய விட்டாரு, நக்கல விடலைங்க. சத்யராஜ் கூட நின்னாலும் வாரறத வாரிட்டேதான் இருந்தாரு.

திருப்பூர் செக்கிங் அக்கா:
ரெண்டு அண்ணனும் ஒன்ன விட்டுட்டீங்க. லொள்ளு சபா சந்தானம் ஒருத்தரால வந்ததில்ல. டைரக்சன் ராம்பாலா, கூட சுவாமிநாதன், கைய ஆட்டி ஆட்டி இழுத்துப் பேசுற மனோகர், சேஷு, எல்லாரும் சேந்துதான் அது. அவரு சினிமாவுக்குப் போன பொறகும் லொள்ளு சபா ஜீவாவ வெச்சு ஓடுச்சுல்ல?

எனக்கு கோவம் வேற எடத்துல. டிவில அடி பெரிய ஆளுங்களுக்கு விழுந்துச்சு. சினிமாவுக்குப் போனதும் அதே வாயி கறுப்பா இருக்கறவங்க, குண்டா இருக்கறவங்க, பொம்பளைங்க மேல திரும்பிருச்சு. எங்க செக்கிங் டேபிள்ல ஒரு புள்ளைய அவரு பட டயலாக்க சொல்லியே கூப்புடுவாங்க, மொதல்ல அதுவும் சிரிச்சுச்சு, அப்பறம் மத்தியானம் எங்க கூட உக்காந்து சாப்புடறதையே விட்டுருச்சு. அந்த டயலாக்குக்கு தியேட்டரே கைதட்டுச்சு. இத நெம்ப நாளா சொல்லோணும்னு இருந்தேன்.

உடுமலைக்காரன்:
அக்கா, அதுக்கு பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா டீமுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் ஹீரோ ஆனது உதவுது. 2016ல தில்லுக்கு துட்டு ராம்பாலா டைரக்ட் பண்ணுனது. 2019ல ஏ1, சேஷு, மனோகர், சுவாமிநாதன் எல்லாரும் இருந்தாங்க. 2024ல வடக்குப்பட்டி ராமசாமி, பேரே கவுண்டமணி காமெடியில வர்ற பேரு, அதுலயும் சேஷு இருந்தாரு, அந்த மார்ச்சுலயே போயிட்டாரு பாவம். ஃப்ரெண்டு கேரக்டர் பண்ற ஆளு டைரக்டர் யாருன்னு முடிவு பண்ண முடியாது, ஹீரோ கேட்டா நடக்கும்.

கோபி மஞ்சக்காடு:
தறிக்காரரே, அவரு டிவில இருந்திருந்தாலும் அந்த மாதிரி ப்ரோக்ராம் நின்னுதான் போயிருக்கும்ங்க. சேனல்காரங்க படத்தோட சேட்டிலைட் ரைட்ஸ் வாங்கோணும், ஆடியோ லாஞ்ச் போடோணும், தீபாவளிக்கு அதே ஸ்டாரக் கூப்புட்டு பேட்டி எடுக்கோணும், அப்பறம் அவர எவன் கலாய்க்க விடுவான்? 2010ல சி.எஸ். அமுதன் பெரிய ஹீரோ படங்களக் கலாய்ச்சு 'தமிழ்ப் படம்'னு சினிமாவாவே எடுத்தாருல்ல, நக்கலுக்கு எடம் அங்கதான் இருந்துச்சு. எங்கூரு வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜோட 1981 இன்று போய் நாளை வா கதைதான் 2013ல சந்தானம் தயாரிப்புல கண்ணா லட்டு தின்ன ஆசையான்னு வந்துச்சு. டிவில இருந்தா அதுக்கு வழி உண்டா?

சோமனூர் தறிக்காரன்:
சேனல் விடாதுங்கறது சரி. அதுக்குத்தான் இப்ப யூடியூப் இருக்குதுங்களே, எந்த ஸ்டாரோட தயவுக்கும் நிக்க வேண்டியதில்ல. சொந்தமா படம் எடுத்த மனுசன், கூட நடிச்சவங்களும் அவரு பேச்சத் தட்டமாட்டாங்க, வாரம் அரை மணி நேரம், அதே ஓட்ட செட்டு, அதே விக்கு போதும், நாங்க பாக்கறதுக்கு ரெடி. இன்னும் பண்ணலைன்னா அது அவரா எடுத்த முடிவுங்க, அத சேனல் தலைல கட்டாதீங்க.