வேறுபாடிழத்தலா, வேறுபாடு களைதலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

செல் ஒரு பணிக்கென முதிர்வதை 'வேறுபாடு' என்கிறோம். அப்படி முதிர்ந்த செல், அந்தப் பணிக்குரிய அமைப்புகளை விட்டுவிட்டு மீண்டும் பிளவுறும் நிலைக்குத் திரும்புவதை 'வேறுபாடிழத்தல்' (dedifferentiation) என்று எழுதிவருகிறோம். திசு வளர்ப்புப் பாடங்களில் பழகிய சொல்தான். 'இழத்தல்' என்ற வினைதான் உறுத்துகிறது.

ஸீப்ரா மீனின் இதயத்தில் கீழறையை 20 விழுக்காடு வரை வெட்டி எடுத்தாலும் ஏறத்தாழ 60 நாளில் வளர்ந்துவிடும். புதுத் தசை வருவது, ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்த தசைச் செல்களிலிருந்தே என்பது 2010-இல் உறுதியானது. செல் முழுக்கச் சார்கோமியர்கள் (தசையைச் சுருங்கவைக்கும் நுண்ணமைப்புகள்) அடுக்கி நின்றால் அது இரண்டாகப் பிரிவது கடினம். அதனால் அவற்றை ஓரளவு பிரித்துப்போட்டு, அண்டைச் செல்களோடுள்ள பிணைப்பையும் தளர்த்திக்கொண்ட பிறகே செல் பிளவுறுகிறது. பல வகைச் செல்களாக மாறவல்ல தண்டுச் செல்லாகும் அளவுக்குப் பின்னோக்கிப் போவதுமில்லை. மறுபடி தசைச் செல்லாகவே நிலைகொள்கிறது. இதைத் தொலைத்தல் என்பது எப்படிப் பொருந்தும்? ஆடை களைதல், வேடம் களைதல் என்கிறோமே, அந்தக் 'களைதல்' வேண்டும். 'வேறுபாடு களைதல்', 'வேறுபாடு களைந்த செல்' என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையின்றி வரும். வேறுபாட்டைக் குறிக்கும் இலங்கை வழக்கின் 'வியத்தம்' என்ற சொல்லோடும் இதே வினை சேரும்.

நியூட் என்னும் வாலுள்ள நீர்நிலவாழ் உயிரியின் ஐரிஸ் (கண்ணின் நிறத்திரை) செல்கள் நிறமியை வெளியேற்றிவிட்டு விழிவில்லையாக மாறும்போது களைதல் பாதி வழி மட்டுமே. முழு நிகழ்வுக்கு 'வேறுபாடு மாறல்' எனத் தனிச்சொல் வைக்கலாம்.

*

ஐயா, வணக்கம்.

இதயத்துக்குக் 'களைதல்' மிகப் பொருத்தம். ஆனால் குருத்தெலும்புச் செல்லைத் தட்டில் ஒற்றை அடுக்காக வளர்த்துப் பாருங்கள். சில முறை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவதற்குள் உருண்டை வடிவம் போய், நார்ச்செல் போல நீண்டுவிடும். குருத்தெலும்புக்குரிய 2-ஆம் வகைக் கொலாஜன் புரதம் குறைந்து, நார்த்திசுவுக்குரிய 1-ஆம் வகை கூடும். குருத்தெலும்பு ஒட்டுக்காகச் செல்லைப் பெருக்குவோருக்கு இதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் அப்படியே வைத்தால் உருவாவது நார்த்திசு. இங்கே செல் எதையும் களையவில்லை. தட்டையான பரப்பு அதன் இயல்பைக் குலைக்கிறது. 'இழத்தல்' என்றும் சொல்ல முடியாது. அதே செல்லை அகரோஸ் கூழுக்குள் வளர்த்தால் 2-ஆம் வகை திரும்பி வருவதை 1982-லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, யார் செய்தார் என்று சொல்லாத தன்வினை தேவை. பொதுச்சொல்லாக 'வேறுபாடு நீங்கல்' என்று வைத்து, செல் தானே பிரித்துப்போடும் இடங்களில் மட்டும் 'களைதல்' என்று எழுதலாமா? 'நீங்கல்' முழு நீக்கமாக ஒலிக்கும் என்றால், மீன் இதயத்தைச் சொல்லும்போது 'பகுதி' என்ற அடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.